வீட்டுப் புரொஜெக்டருக்கு எந்த விளக்கு?

எங்கள் தெருவில் மூன்று பையன்கள் புரொஜெக்டர் செய்துகொண்டிருக்கிறார்கள். காரில் மாட்டும் ஏழு இஞ்ச் எல்.சி.டி. திரை ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்திருக்கிறது. பின்னால் இருந்த விளக்குத் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடியாக வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் தெரிகிறது. இனி வேண்டியது விளக்கும் லென்ஸும்தான். கையில் மிச்சம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம், அதில் பாதி தறிக்குப் போகிற பையனின் வாரக்கூலி. ஆக, விளக்கை ஒருமுறைதான் வாங்க முடியும். தப்பான விளக்கை வாங்கினால் விஷயம் அதோடு முடிந்தது.

அவன் கேட்ட முதல் கேள்வி: "நாலு டியூப்லைட்ட சேத்து வெச்சா வராதுங்களா மாமா?"

எடப்பாடிப் பையன் கேட்க வேண்டிய கேள்விதான். அவன் நாள் முழுக்கப் பார்ப்பது டியூப்லைட்டை. தறிக்கூடத்தில் ஒவ்வொரு தறிக்கும் மேலே ஒன்று தொங்கும். நீளமான விளக்கு என்பதால் நாலா பக்கமிருந்தும் வெளிச்சம் வரும், கை நிழல் விழாது, பாவில் ஒரு இழை அறுந்தாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். தறிக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கு கிடையாது. அதே காரணத்தால்தான் புரொஜெக்டருக்கு அது உதவாது. வெளிச்சம் குறைவு என்று நினைக்க வேண்டாம். 36 வாட் டியூப்லைட்டில் ஏறத்தாழ 3000 லூமன் வருகிறது, அது கொஞ்சம் இல்லை. ஆனால் அந்த 3000 லூமனும் நான்கடி நீளக் குழாயின் மேல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

புரொஜெக்டர் செய்ய நினைக்கிறவர்கள் எல்லாரும் "எத்தனை வாட் போடலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "எத்தனை லூமன்" என்பார்கள். இரண்டும் பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, அந்த லூமன் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது.

அதை ஏன் கேட்க வேண்டும் என்று பார்ப்போம். வீட்டுப் புரொஜெக்டரின் அமைப்பு மிக எளிது. விளக்கு, அதற்கு முன் தட்டையான ஒரு ஃபிரெனல் லென்ஸ் (எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விற்கிற, வட்ட வட்டமாகக் கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு இந்த வகைதான்), அடுத்து எல்.சி.டி. கண்ணாடி, அதற்கப்புறம் இன்னொரு ஃபிரெனல், கடைசியில் படத்தைச் சுவரில் போடும் லென்ஸ். முதல் ஃபிரெனல் விளக்கின் வெளிச்சத்தை நேர்க்கோடாக்கி எல்.சி.டி. வழியாக அனுப்புகிறது. இரண்டாவது, அதைத் திரும்பக் குவித்துக் கடைசி லென்ஸின் வாய்க்குள் போடுகிறது. குவித்துப் போடுகிறது என்றால் என்ன அர்த்தம்? விளக்கின் உருவமே அந்த லென்ஸின் மேல் விழுகிறது. சுவரில் எல்.சி.டி.யின் படம், லென்ஸில் விளக்கின் படம். விளக்கின் உருவம் லென்ஸின் வாயைவிடப் பெரிதாக இருந்தால், வெளியே விழுகிற பகுதி முழுக்க நஷ்டம். அது பெட்டிக்குள்ளேயே சூடாகித் தீரும்.

சரி, பெரிய விளக்கின் வெளிச்சத்தை இன்னொரு லென்ஸ் வைத்துச் சின்ன இடத்தில் குவித்துவிடலாமே? குவிக்கலாம். ஆனால் இடம் சின்னதாகும்போது கதிர்கள் விரிகிற கோணம் அதே கணக்கில் கூடிவிடும். அப்படி விரிந்து வருவதை அடுத்த லென்ஸ் பிடிக்காது. ஒரு பக்கம் சுருக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். இது நம் லென்ஸின் தரக் குறைவு இல்லை, எந்த நாட்டு லென்ஸ் கொண்டுவந்தாலும் இதே கதைதான். நான்கு டியூப்லைட்டைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஒரு சதுர மில்லிமீட்டர் முன்பிருந்ததைவிடப் பிரகாசமாகிவிடாது, பரப்புதான் நாலு மடங்காகும்.

இந்தப் பிரகாசத்தை அளக்க ஓர் அலகு உண்டு: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கேண்டிலா. எண்களைப் பாருங்கள், ஏறக்குறையக் கணக்குதான். டியூப்லைட் 0.01. நாம் கடையில் வாங்கும் 100 வாட் சதுர எல்.இ.டி. சில்லு 5. பழைய ஸ்லைடு புரொஜெக்டரில் இருந்த 24 வோல்ட் ஹாலோஜன் பல்பின் இழை 30. கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரிகிற வில் 160. சூரியன் 1600. டியூப்லைட்டுக்கும் கார்பனுக்கும் நடுவே பதினாறாயிரம் மடங்கு வித்தியாசம். இந்த வரிசையைப் பார்த்த பிறகு விளக்குத் தேர்வில் பாதிக் குழப்பம் போய்விடும்.

சூரியனை வேடிக்கைக்குச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் செய்த புரொஜெக்டர் என்றால் அதன் முதல் விளக்கு சூரியன்தான். என் வயதுக்காரர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடிப்பகுதியை ஜாக்கிரதையாக உடைத்து, உள்ளே இருக்கிற கண்ணாடித் தண்டையும் இழையையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினால் அது ஒரு லென்ஸ். சினிமாக் கொட்டாய்க்குப் பின்னால் பொறுக்கிய, அல்லது பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கிய துண்டு பிலிம் ஒன்று. முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று. வெளியே வெயிலில் ஒருத்தன் கண்ணாடியைப் பிடித்து, ஜன்னல் வழியாக ஒளியை இருட்டறைக்குள் திருப்புவான். உள்ளே பிலிமுக்குப் பின்னால் அந்த ஒளி விழும், முன்னால் தண்ணீர் பல்பு, எதிரே அப்பாவின் வேட்டி. எம்.ஜி.ஆர். வேட்டியில் நிற்பார், தலைகீழாக. பிலிமைத் திருப்பிப் பிடித்தால் நேராவார்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பல்பில் தண்ணீர் நிரப்பினால் அதன் குவியத் தூரம், பல்பின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். அதாவது பல்பின் மேல்பரப்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிலிமைப் பிடித்தால், ஒன்றேமுக்கால் மீட்டர் தூரத்தில் இரண்டடி அகலப் படம் வரும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். கண்ணாடியில் கொஞ்சம் போக, ஒரு கட்டம் பிலிமின் மேல் 28 லூமன் அளவுக்கு விழும். பிலிம் பாதியை விழுங்கினாலும் 14 லூமன் வேட்டிக்குப் போகும். இரண்டடிப் படத்தில் அது 50 லக்ஸ். இருட்டறையில் நன்றாகவே தெரியும். 14 லூமன் என்றால் எவ்வளவு குறைவு! ராத்திரி விளக்குக்கூட அதைவிட அதிகம் தரும். ஆனால் சூரியன் வானத்தில் அரை டிகிரிதான் இருக்கிறது. அதிலிருந்து வருகிற கதிர்கள் கிட்டத்தட்டச் சிதறாமல் வருகின்றன. பிலிமுக்குள் நுழைந்த வெளிச்சம் மொத்தமும் பல்புக்குள் போய்விடுகிறது, வீணே இல்லை.

கஷ்டம் ஒன்றுதான். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூரியன் நகரும். கண்ணாடி பிடிக்கிறவன் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவனுக்குப் படம் தெரியாது, வெயில்தான். அதனால் எப்போதும் கூட்டத்தில் சின்னப் பையன்தான் கண்ணாடி பிடிப்பான்.

கொட்டாய்க்காரர்கள் செய்ததும் இதே வேலைதான், சூரியனுக்குப் பதில் கார்பன். 1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலைபார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹால் கட்டியது 1914-ல். எங்கள் பக்கத்தில் மேட்டூர் அணை முடிந்ததே 1934-ல், அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1937-ல். கம்பி வராத ஊரில் டூரிங் டாக்கீஸ் போட்டவர்கள் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது.

கார்பன் விளக்கில் இரண்டு குச்சிகள். இரண்டையும் தொடவைத்து மின்சாரம் விட்டுக் கொஞ்சம் விலக்கினால் நடுவில் வில் பிடிக்கும். கிட்டத்தட்ட வெல்டிங்தான். நேர்மின் கரண்டில் பாஸிட்டிவ் குச்சியின் நுனி குழிந்து, அந்தக் குழிதான் 3500 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெள்ளையாக ஒளிரும். முக்கால்வாசி வெளிச்சம் அந்தச் சின்னக் குழியிலிருந்து மட்டும் வருகிறது. பாஸிட்டிவ் குச்சி சீக்கிரம் கரையும் என்பதால் அதைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். பின்னால் இருக்கிற குழிக்கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பிலிம் நிற்கிற சன்னலில் குவிக்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து, குச்சி கரையக் கரையத் திருகித் திருகி இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருப்பார். அவர் பீடி பிடிக்க வெளியே போனால் படம் மஞ்சளாகி, அப்புறம் நீலமாகி, கொட்டாயில் விசில் பறக்கும். பிலிம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் திரையிலேயே கருகி ஓட்டை விழுவதைப் பார்த்திருக்கிறோம். அவ்வளவு சூடு அந்தச் சின்னச் சன்னலில்.

கார்பனின் வெள்ளை வெளிச்சத்துக்கு இன்னொரு லாபமும் இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தபோது அதுதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். வண்ணப் பிலிமில் சாயங்கள் வெளிச்சத்தை விழுங்கும், நிறம் சரியாகத் தெரிய வெயில் மாதிரி வெள்ளை வெளிச்சமும் வேண்டும். குண்டு பல்பில் அது நடக்காது. கார்பன் வில்லில் தாராளமாக நடந்தது. பிறகு செனான் விளக்குகள் வந்தன, திருகுகிற வேலை போயிற்று. ஆனால் அவற்றுக்குள் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். பல்பு மாற்றுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் மாற்றுவார்.

கார்பனையோ செனானையோ வீட்டில் வைக்க முடியாது. நமக்குக் கிடைக்கிறவற்றைப் பார்ப்போம்.

முதலில் ஹாலோஜன். ஸ்லைடு புரொஜெக்டரிலும் 16 எம்.எம். மெஷினிலும் இருந்த 24 வோல்ட், 250 வாட் பல்பு அருமையான பொருள். இழை ஏழு மில்லிமீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதிலிருந்து பத்தாயிரம் லூமன் அளவுக்கு வரும். அளவை மட்டும் பார்த்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வெளிச்சம் மஞ்சள். ஆயுள், அதிக வெளிச்சம் தருகிற வகையில் 50 மணிநேரம். இருபது சினிமா பார்த்தால் பல்பு தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேல் சூடு. 250 வாட்டில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக முன்பக்கம் நோக்கியே வரும். பிலிம் ஒரு நொடிக்கு 24 கட்டம் நகர்ந்துவிடும், தப்பித்துக்கொள்ளும். எல்.சி.டி. அதே இடத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து படத்தில் கறுப்புத் திட்டு விழும். ஆறினால் திரும்பி வரலாம். போலரைசர் தாள் வெந்துவிட்டால் வராது. நடுவில் சூடு தடுக்கும் கண்ணாடி வைக்க வேண்டும், அது நம் ஊர்க் கடையில் கிடைக்காது.

அடுத்தது மெட்டல் ஹாலைடு. ஜவுளிக்கடை வாசலிலும் விளையாட்டுத் திடலிலும் எரிந்த விளக்கு. 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகம் முழுக்க வீட்டில் புரொஜெக்டர் செய்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான்: 15 இஞ்ச் கம்ப்யூட்டர் மானிட்டரின் கண்ணாடி, பள்ளிக்கூடத்து ஓவர்ஹெட் புரொஜெக்டரிலிருந்து ஃபிரெனல், 400 வாட் மெட்டல் ஹாலைடு. 36,000 லூமன், வில்லின் நீளம் நாலு சென்டிமீட்டர். முதல் ஃபிரெனலுக்கு 220 மில்லிமீட்டர் குவியத் தூரம், இரண்டாவதுக்கு 320 என்றால், லென்ஸின் மேல் விழும் உருவம் 40-ஐ 320-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தது, அதாவது 58 மில்லிமீட்டர். அவர்கள் வைத்த லென்ஸின் வாய் 80-க்கு மேல். கச்சிதமாகப் பொருந்தியது. பெரிய எல்.சி.டி.க்குப் பெரிய லென்ஸ், அதற்குப் பெரிய விளக்கு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று சேர்ந்துபோயிற்று. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஏழு இஞ்சுக்கும் அதே 400 வாட்டைப் போடுவது வீண். கண்ணாடி சின்னதானால் லென்ஸும் சின்னதாகும், விளக்கும் சின்னதாக வேண்டும். கடையில் விற்கிற புரொஜெக்டரில் படத்தை உண்டாக்கும் சில்லு விரல் நகத்தளவுதான் இருக்கும். அதனால்தான் அதன் விளக்கில் வில்லின் நீளமே ஒரு மில்லிமீட்டர். அந்த அளவுக்கு வில்லைச் சுருக்கப் பாதரச ஆவியை 200 மடங்கு காற்றழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். 'செத்த புரொஜெக்டரிலிருந்து அந்த விளக்கை எடுத்து மாட்டலாமா' என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். வெடித்தால் பாதரசத்தோடு வெடிக்கும்.

மெட்டல் ஹாலைடை எடப்பாடியில் நான் ஒதுக்குவதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. இந்த விளக்கு ஒருமுறை அணைந்தால் உடனே பிடிக்காது. பத்து நிமிடமாவது ஆற வேண்டும், பிறகு முழு வெளிச்சம் வர மூன்று நாலு நிமிடம். 2012-ல் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்ததே, அப்போது தறிகள் நின்று நின்று ஓடியது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் கரண்ட் ஒரு நொடி போய்வருவது தினசரி நடக்கிறது. தறிக்காரருக்கு ஒரு நொடி. மெட்டல் ஹாலைடு வைத்திருப்பவருக்குக் கால் மணிநேரம்.

இன்னொரு காரணம் கண். இதன் உள்குழாயிலிருந்து புற ஊதாக் கதிர் வரும். வெளிக் கண்ணாடிதான் அதைத் தடுக்கிறது. கூடுதல் வெளிச்சத்துக்காக வெளிக் கண்ணாடியை உடைத்துவிட்டு மாட்டுகிற புத்திசாலிகள் உண்டு. வெல்டிங் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி துடித்தவர்களைக் கேட்டால் தெரியும். அதே காயம்தான் இதிலும். பற்றவைக்கும்போது இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் அடிக்கும், அது தனி.

ஆக, மிஞ்சுவது எல்.இ.டி. பிரகாச வரிசையில் அது நடுவில்தான் வருகிறது, ஹாலோஜன் இழையைவிடவும் கீழே. ஆனாலும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் சூடு பின்னால் போகிறது. 50 வாட் சில்லில் முப்பது வாட்டுக்கு மேல் சூடாகத்தான் மாறும். அது முன்னால் கதிராக வராமல் அலுமினியத் தகடு வழியாகப் பின்னால் இறங்கும். பழைய கம்ப்யூட்டர் பிராசஸர் மேல் இருக்கிற ஃபேன் வைத்த அலுமினியக் கட்டியைத் திருகினால் வேலை முடிந்தது. எல்.சி.டி.யின் மேல் விழுவது ஐந்து வாட் அளவுக்கான வெளிச்சம் மட்டும். கரண்ட் வந்ததும் எரியும். வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும்.

பையன்கள் கடையில் பார்த்துவிட்டு வந்தது 100 வாட் சதுரச் சில்லு. நூறு பொட்டு, பத்துக்குப் பத்தாக அடுக்கியது. ஒளிரும் பகுதி 23 மில்லிமீட்டர் சதுரம். பக்கத்திலேயே 50 வாட் வட்டச் சில்லும் இருந்திருக்கிறது, ஒளிரும் வட்டம் 18 மில்லிமீட்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "பெருசு இருக்கறப்ப சின்னத எதுக்கு வாங்கறது?" என்றான் பெரியவன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஃபிரெனல்கள் 100, 200 மில்லிமீட்டர். விளக்கு லென்ஸின் மேல் இரண்டு மடங்காகத் தெரியும். அவர்களிடம் இருக்கிற லென்ஸின் வாய் 40 மில்லிமீட்டர்.

100 வாட் சில்லில் 8500 லூமன் என்று வைத்துக்கொள்வோம் (பெட்டியில் இன்னும் கூடப் போட்டிருக்கும், நம்ப வேண்டியதில்லை). எல்.இ.டி. முன்பக்கம் முழுக்கப் பரப்புவதால், ஏழு இஞ்ச் கண்ணாடிக்குள் விழுவது கால் பங்குக்குச் சற்று மேல், 2400 லூமன். அதில் எல்.சி.டி. விடுவது ஐந்து சதவீதம். ஐம்பது இல்லை, ஐந்துதான். போலரைசர் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், சிவப்பு-பச்சை-நீல வடிகட்டி மிச்சத்தில் மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளும், புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கறுப்புக் கோடுகள் இன்னும் கொஞ்சம். 120 லூமன் வெளியே வருகிறது. லென்ஸின் மேல் விளக்கின் உருவம் 46 மில்லிமீட்டர் சதுரம். 40 மில்லிமீட்டர் வட்டம் அதில் அறுபது சதவீதத்தைத்தான் பிடிக்கும். வேட்டிக்குப் போவது 71 லூமன்.

50 வாட் சில்லில் 5000 லூமன். கண்ணாடிக்குள் 1425. எல்.சி.டி. தாண்டி 71. லென்ஸின் மேல் உருவம் 36 மில்லிமீட்டர் வட்டம், 40-க்குள் முழுசாக அடங்கும். வேட்டிக்குப் போவது 71 லூமன்.

இரண்டும் ஒன்றேதான்! கூடுதல் 50 வாட் பெட்டியைச் சூடாக்குவதற்கு மட்டும். எடப்பாடியில் மே மாதம் அறைக்குள்ளேயே நாற்பது டிகிரி நிற்கும்போது அந்தச் சூடு சும்மா விஷயம் இல்லை. பெரிய ஹீட்சிங்க், பெரிய ஃபேன், ஃபேனின் இரைச்சல், இன்வெர்ட்டரில் இரட்டைச் செலவு. லென்ஸின் வாய் 65 மில்லிமீட்டராக இருந்தால் கணக்கு மாறும், 100 வாட் சதுரமும் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போகும், அப்போது 120 லூமனும் கிடைக்கும். அதனால் யாராவது 'எந்த விளக்கு' என்று கேட்டால் 'உன் லென்ஸ் எவ்வளவு பெரிது' என்று திருப்பிக் கேட்கிறேன். லென்ஸை முதலில் வாங்க வேண்டும், அதை வைத்துத்தான் விளக்கு. கடைக்காரருக்கு இது பிடிக்காது.

71 லூமன் போதுமா என்று சந்தேகம் வரும். எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டினால் ஆறடி அகலத் திரை. ஒற்றைத் துணி என்றால் வெளிச்சம் பின்னால் ஓடிவிடும். அதில் 40 லக்ஸ் அளவுக்கு விழும். தியேட்டரில் இருப்பதில் கால் பங்குதான். தெருவிளக்கை அணைத்தால் படம் பார்க்கலாம், அணைக்காவிட்டால் முகம் மட்டும் தெரியும். நாலடிக்குச் சுருக்கினால் 85 லக்ஸ், தாராளம்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். "டிரைவரே வேண்டாம், நேரா 230 வோல்ட்ல மாட்டலாம்" என்று ஒரு வகை எல்.இ.டி. சில்லு மலிவாக விற்கிறது. வாங்காதீர்கள். அதில் 230 வோல்ட்டுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் காகிதம் மாதிரி ஒரு பூச்சுதான் இருக்கிறது. நாமோ அந்தத் தகட்டை உலோக ஹீட்சிங்கில் திருகி, அதைக் கையால் பிடித்துக் கோணம் சரிபார்ப்போம். போதாததற்கு அது நொடிக்கு நூறு தடவை அணைந்து எரியும், படத்தில் வேகமாக நகர்கிற எதுவும் வெட்டி வெட்டித் தெரியும். 30 வோல்ட் அளவில் ஓடும் சில்லும், கரண்டை நிலையாக வைக்கும் தனி டிரைவரும் வாங்க வேண்டும். டிரைவருக்குச் செலவாகிற காசு வீண் இல்லை. ஹீட்சிங்குக்கு எர்த் கொடுத்துவிடுங்கள்.

சில்லை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவு கிடையாது. லென்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்தி, அதில் லென்ஸின் வாயளவுக்குக் காம்பஸில் வட்டம் போட்டுக்கொள்ளவும். டிரைவரின் கரண்டைக் குறைத்து எல்.இ.டி.யை எரியவிட்டு, விளக்கை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் காகிதத்தின் மேல் சில்லின் உருவம் தெளிவாக விழும், மஞ்சள் பூச்சின் விளிம்பு வரைக்கும் தெரியும். வட்டத்துக்குள் அடங்கினால் விளக்கு சரி. வெளியே வழிந்தால் வழிவது எவ்வளவோ அவ்வளவு வாட் வீண். சில்லை நேராகக் கண்ணால் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வட்டச் சில்லை வைத்துப் பார்த்தார்கள். 40-க்கு வட்டம் போட்டிருந்தார்கள், உருவம் 37 வந்தது. ஃபிரெனல்கள் சொன்ன அளவுக்குச் சரியாக இல்லை போலிருக்கிறது, இருக்கட்டும். எல்.சி.டி.க்கும் முதல் ஃபிரெனலுக்கும் நடுவே ஒன்றரை இஞ்ச் இடைவெளி விட்டு, அதில் கீழிருந்து மேலாகக் காற்று போக ஒரு சின்ன ஃபேனும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இனி அவர்களுக்கு வேண்டியது எட்டு முழ வேட்டி. அது இந்த ஊரில் கிடைக்காமல் போகாது.